பொறிகளை எண்ணிய வரலாறு: பெரோவ்ஸ்கைட் படிகமும் அதன் அளவீடுகளும்

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒஸ்மான் பக்ரும் அவருடைய குழுவினரும், டொராண்டோ ஆய்வாளர்களுடன் இணைந்து, மெத்தில் அம்மோனியம் ஈய ஹாலைடு என்னும் பெரோவ்ஸ்கைட் பொருளைச் சில மில்லிமீட்டர் பருமனுள்ள ஒற்றைப் படிகங்களாக வளர்த்திருந்தனர். அப்படிகங்களில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தும் பொறிகளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10⁹ முதல் 10¹⁰ வரை மட்டுமே என்பது அவர்களது முடிவு. அடுத்த மாதமே, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜின்சாங் ஹுவாங் குழு, இதே போன்ற ஒற்றைப் படிகத்தில் மின்சுமை தாங்கிகள் 175 மைக்ரோமீட்டருக்கும் அதிகமான தொலைவு பரவ முடியும் என அதே இதழில் எழுதியது.

இந்த எண்ணின் பொருளை உணர ஒரு கணக்கு உதவும். ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டின் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 4×10²¹ வாய்பாட்டு அலகுகள் உள்ளன. பொறிகள் 10¹⁰ என்றால், 40,000 கோடி அலகுகளுக்கு ஒரு பொறி. மிக உயர்ந்த வெப்பத்தில் உருக்கி, பல படிகளில் தூய்மைப்படுத்தப்படும் தரமான சிலிக்கனோடு ஒப்பிடத்தக்க நிலை இது. ஆனால் இந்தப் படிகமோ, குடுவைக்குள் ஒரு கரைசலிலிருந்து, அறை வெப்பநிலையை ஒட்டிய சூழலில் வளர்ந்தது. அதே பொருளை மென்படலமாகப் பூசி அளந்தவர்களுக்குக் கிடைத்த அடர்த்தி 10¹⁵, 10¹⁶ என்ற படிகளில் இருந்தது. படலத்துக்கும் படிகத்துக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வேறுபாடு. படலத்தின் துகள் எல்லைகளே இதற்குக் காரணம் என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பொருளுடையது, எவ்வளவு பங்கு அளவுகோலுடையது என்ற கேள்விக்குத் தெளிவான விடை வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

குறைபாடு, பொறி என்ற இரு சொற்களும் இத்துறையில் அடிக்கடி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக ஆளப்படுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. படிகத்தின் ஒழுங்கில் நேரும் எந்தப் பிறழ்ச்சியும் குறைபாடு: ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம், அணு ஒன்று இடைவெளியில் செருகியிருக்கலாம், ஓர் அணுவின் இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கலாம். இவற்றுள் சில மட்டுமே குறைக்கடத்தியின் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளிக்குள் ஒரு நிலையை உருவாக்கி, எலக்ட்ரானையோ துளையையோ பிடித்து வைக்கின்றன. அவையே பொறிகள். இடைவெளியின் விளிம்பை ஒட்டிய ஆழமற்ற பொறி தான் பிடித்ததை விரைவில் விட்டுவிடும். இடைவெளியின் நடுவே அமைந்த ஆழமான பொறி, எலக்ட்ரானையும் துளையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து அவற்றை அழித்துவிடும். ஒளியால் பெற்ற ஆற்றல் வெப்பமாகி வீணாகும். 1952இல் வில்லியம் ஷாக்லியும் வில்லியம் ரீடும் ஒருபுறம், ராபர்ட் ஹால் மறுபுறம் இந்த மறுஇணைவுக்கான கணக்கை வகுத்தனர். அன்றிலிருந்து ஒரு சூரிய மின்கலத்தின் மின்னழுத்தம் ஏன் கோட்பாட்டு எல்லையைத் தொடவில்லை என்ற கேள்விக்கு, ‘எத்தனை பொறிகள், எந்த ஆழத்தில்?’ என்பதே முதல் துணைக்கேள்வியாக இருந்து வருகிறது.

அந்தத் துணைக்கேள்விக்கு விடை தேடும் கருவிகள் பெரோவ்ஸ்கைட்டுக்காக உருவானவை அல்ல. அவற்றுள் இரண்டின் வரலாறு இங்கு முக்கியம்.

முதலாவது, மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் மட்டும் கொண்டு பொறிகளை எண்ணும் முறை. மின்கடத்தாப் பொருள் ஒன்றினுள் மின்முனையிலிருந்து எலக்ட்ரான்கள் செலுத்தப்படும்போது, உள்ளே குவியும் மின்னூட்டமே மேலும் வரும் மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டுகிறது. 1940இல் வெளிவந்த தம் நூலில் நெவில் மாட்டும் ரொனால்டு கர்னியும் இதற்கான விதியைத் தந்தனர்: மின்னோட்டம் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் முப்படிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். 1950களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஆல்பர்ட் ரோஸும் முர்ரே லாம்பர்ட்டும் இதனுள் பொறிகளைச் சேர்த்தனர். செலுத்தப்படும் எலக்ட்ரான்கள் முதலில் பொறிகளில் விழும். அவை நிரம்பும்வரை மின்னோட்டம் குறைவாகவே இருக்கும். நிரம்பியதும் சட்டென உயரும். அந்த உயர்வு தொடங்கும் மின்னழுத்தத்திலிருந்து பொறிகளின் அடர்த்தியைக் கணக்கிடலாம். ஒரு வரைபடம், அதில் ஒரு முறிவுப் புள்ளி, ஒரு வாய்பாடு. இதைவிட எளிய முறை கிடையாது.

இரண்டாவது, மின்தேக்குத்திறனைக் கொண்டு அளக்கும் முறை. 1970ஐ ஒட்டி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சி-டாங் சாவும் அவருடைய மாணவர்களும் இதற்கு வழியமைத்தனர். 1974இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் லாங் அதை ஒரு முழுமையான நிறமாலையியலாக்கினார். ஒரு மின்துடிப்பால் பொறிகளை நிரப்பி, பின்னர் அவை தம்மிடமுள்ளதை விடுவிக்கும்போது மின்தேக்குத்திறன் காலத்தோடு எவ்வாறு மாறுகிறது எனப் பதிவு செய்ய வேண்டும். வெப்பநிலையை மாற்றிக்கொண்டே சென்றால் ஒவ்வொரு வகைப் பொறியும் தனித்தனி முகடாகத் தெரியும். முகட்டின் இடப்பெயர்ச்சியிலிருந்து பொறியின் ஆழம் கிட்டும். ஆழ்மட்ட நிலைமாற்ற நிறமாலையியல் எனப்படும் இம்முறை சிலிக்கனிலும் காலியம் ஆர்சனைடிலும் இருந்த மாசுகளைப் பட்டியலிட உதவியது.

இவ்விரு முறைகளுக்கும் அடியில் ஒரு பொது எடுகோள் உண்டு. அளக்கும்போது அசைவது எலக்ட்ரானோ துளையோ மட்டுமே. அணுக்கள் தத்தம் இடத்தில் இருக்கும். சிலிக்கனைப் பொறுத்தவரை அதை எழுதிக் காட்ட வேண்டிய தேவைகூட எழவில்லை.

பெரோவ்ஸ்கைட்டின் கதை வேறு. யூரல் மலைத்தொடரில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்தை 1839இல் குஸ்தாவ் ரோஸ் விவரித்து, ருஷ்ய கனிமவியல் ஆர்வலர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் அப்பெயர் அந்தப் படிக அமைப்பு முழுமைக்கும் உரியதாயிற்று. 1958இல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் மோலர், சீசியம் ஈய ஹாலைடுகள் இவ்வமைப்பு உடையவை என்பதையும் ஒளி பட்டால் மின்னைக் கடத்துபவை என்பதையும் காட்டினார். 1978இல் ஜெர்மனியின் டீட்டர் வெபர், சீசியத்தின் இடத்தில் மெத்தில் அம்மோனியத்தை வைத்தார். 1983இல் ஜப்பானில் மிசுசாகி, அராய், ஃபுயேகி ஆகிய மூவர், இவ்வகை ஹாலைடுகளில் அயனிகளே மின்னைச் சுமந்து நகர்கின்றன என்று ‘சாலிட் ஸ்டேட் அயானிக்ஸ்’ இதழில் எழுதினர். ஹாலைடு அயனிகள் காலியிடங்கள் வழியே இடம் பெயர்கின்றன என்ற இந்தச் செய்தி, திண்ம அயனிக் கடத்திகளைப் பற்றி ஆராய்பவர்களின் நூலகத்தில் தங்கிவிட்டது. சூரிய மின்கலத் துறையினர் அந்த நூலகத்துக்குள் நுழைய அப்போது காரணம் ஏதும் இல்லை.

2009இல் சுட்டோமு மியாசகாவின் குழு யோகோகாமாவில் இப்பொருளை மின்கலத்தில் பயன்படுத்தி 3.8 சதவீதத் திறன் பெற்றது. 2012இல் கொரியாவின் நாம்-கியு பார்க், ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்னெய்த் ஆகியோரின் குழுக்கள் திரவ மின்பகுளியைக் கைவிட்டுத் திண்ம வடிவில் 10 சதவீதத்தை ஒட்டிய திறனை எட்டின. அதன்பின் திறன் ஏறிய வேகம் இத்துறை முன்பு கண்டிராதது; இன்று தனிக்கலத்தில் 26 சதவீதத்தையும், சிலிக்கனோடு அடுக்கிய கலத்தில் 34 சதவீதத்தையும் தாண்டிவிட்டது.

கரைசலில் பூசிய ஒரு படலம் இவ்வளவு நன்றாக இயங்குவது எப்படி என்ற வியப்பே குறைபாடுகளின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 2014இல் டொலிடோ பல்கலைக்கழகத்தின் யின், ஷி, யான் ஆகியோர் கணினிவழிக் கணக்கீடுகளால் ஒரு விளக்கம் தந்தனர். இப்பொருளில் எளிதில் உருவாகும் காலியிடங்கள் பெரும்பாலும் ஆழமற்ற நிலைகளையே தருகின்றன. ஆழமான பொறிகளைத் தரக்கூடிய குறைபாடுகள் உருவாக அதிக ஆற்றல் தேவை. அதாவது, குறைபாடுகள் குறைவு என்பதன்று கருத்து. இருக்கும் குறைபாடுகள் தீங்கற்றவை என்பதே கருத்து. அதே ஆண்டில் ஸ்னெய்த் குழு மற்றொரு புதிரை முன்வைத்தது. மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு வளைவும் இறக்கும்போது வேறொரு வளைவும் வந்தன. இந்தத் தயக்கம் ஏன் என்பதற்கு அக்கட்டுரை கூறிய வாய்ப்புகளுள் ஒன்று, அயனிகள் நகர்வது. 1983இன் செய்தி மீண்டும் கதவைத் தட்டியது.

அதற்கு அடுத்த ஆண்டில்தான் 10¹⁰ என்ற எண் வெளிவந்தது. அது கிடைத்தது லாம்பர்ட்டின் வழியில், மின்னோட்ட வளைவின் முறிவுப் புள்ளியிலிருந்து. அதன்பின் இம்முறை வழக்கமாகிவிட்டது. புதிய வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்துக் குறைபாடுகளைச் செயலிழக்கச் செய்ததாகக் கூறும் கட்டுரைகளில் இரு வளைவுகள் அருகருகே தோன்றின. ஒன்றில் முறிவு சற்று முன்பே வரும், மற்றொன்றில் சற்றுப் பின்னர். இரண்டின் வேறுபாடு, பொறிகள் குறைந்ததற்குச் சான்றாக வைக்கப்பட்டது.

இங்கே வாக்கிய அமைப்பில் நிகழ்ந்த ஒரு மாற்றம் கவனத்துக்கு உரியது. ‘இம்முறிவு பொறிகள் நிரம்புவதால்தான் ஏற்படுகிறது எனக் கொண்டால், அடர்த்தி இவ்வளவு’ என்பது முறையின் முழு வாக்கியம். கட்டுரையின் சுருக்கத்துக்கு வரும்போது நிபந்தனைப் பகுதி உதிர்ந்து, ‘அடர்த்தி இவ்வளவு’ என்பது மட்டும் எஞ்சுகிறது. அடுத்த கட்டுரை அந்தச் சுருக்கத்தை மேற்கோள் காட்டுகிறது. மூன்றாம் கட்டுரையில் அது பொருளின் இயல்பாகவே ஆகிவிடுகிறது.

உதிர்ந்த நிபந்தனையை மீட்டுவந்த ஆய்வுகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை. 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு, குரோனிங்கன் ஆய்வாளர்கள், மின்னழுத்தத்தைத் தொடர்ச்சியாக ஏற்றினால் அயனிகள் நகர்ந்து உள்ளிருக்கும் மின்புலத்தையே மாற்றிவிடுகின்றன என்று காட்டி, அயனிகள் அசைவதற்குள் முடிந்துவிடும் குறுந்துடிப்புகளால் அளக்க வேண்டும் என்றனர். 2021இல் அவர்களே, அயனிகளையும் கணக்கில் சேர்த்த போலச்செய்தல்களைக் கொண்டு, பழைய எளிய வாய்பாடு எங்கெங்கே தவறும் என விரித்துரைத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் சீக்மன், சந்தீப் ரவிசங்கர், தாமஸ் கிர்ஹார்ட்ஸ் ஆகிய மூவர், இதுவரை வெளிவந்த அடர்த்திகளை மாதிரியின் தடிமனுக்கு எதிராக வரைந்து பார்த்தனர்.

அவர்கள் கண்டதைப் பள்ளிக் கணக்காகவே சரிபார்க்கலாம். முறிவு மின்னழுத்தம், பொறி அடர்த்தியையும் தடிமனின் இருபடியையும் பெருக்கிய அளவுக்கு நேர் விகிதத்தில் உள்ளது என்பது வாய்பாடு. மின்காப்பு மாறிலியை 30 எனவும், முறிவு ஒரு வோல்ட்டில் வருகிறது எனவும் கொள்வோம். அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்துக்கு வாய்பாடு தரும் அடர்த்தி ஏறத்தாழ 1.3×10¹⁶. அதே ஒரு வோல்ட், அதே மாறிலி. தடிமன் மட்டும் ஒரு மில்லிமீட்டர் என்றால் கிடைப்பது ஏறத்தாழ 3×10⁹. தடிமன் 2,000 மடங்கு. அதன் இருபடி 40 லட்சம் மடங்கு. படலத்துக்கும் படிகத்துக்கும் இடையே பேசப்பட்ட பெரும் பிளவு முழுவதும், பொருளைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவரின் கணக்கிலும் வந்துவிடுகிறது.

இதன் அடியில் உள்ள காரணம் எளிது. மின்முனைகளுக்கிடையே ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தாலே, முனைகளில் ஓரளவு மின்னூட்டம் சேரும். பொறிகள் ஏந்தும் மொத்த மின்னூட்டம் அதைவிடக் குறைவாக இருந்தால், வளைவில் அவற்றின் சுவடு தெரியாது. ஆனாலும் வளைவில் முறிவு இருக்கும். மின்முனைகளின் இயல்பே அதைத் தந்துவிடும். வாய்பாட்டில் அந்த முறிவை இட்டால் வாய்பாடும் ஓர் எண்ணைத் தரும். அந்த எண், உள்ளே இருக்கும் பொறிகளின் எண்ணிக்கை அன்று. இம்முறையால் காணத்தக்க மிகக் குறைந்த எண்ணிக்கை. வெளியிடப்பட்ட அடர்த்திகள் பலவும் இந்த எல்லைக்கோட்டை ஒட்டியே அமைந்திருந்தன என்பதே யூலிக் ஆய்வின் சாரம். மின்தேக்குத்திறன் சார்ந்த வேறு சில அளவீடுகளுக்கும் இதே போன்ற தடிமன் எல்லை உண்டு என்பதையும் அவர்கள் காட்டினர். ஒற்றைப் படிகங்கள் தரமற்றவை என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. பொறிகள் அந்த எல்லைக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். படலங்களில் பொறிகள் 10¹⁶ உள்ளன என்பதற்குத்தான் சான்று இல்லாமல் போயிற்று.

லாங்கின் முறைக்கும் இதே காலத்தில் மறுவாசிப்பு நிகழ்ந்தது. 2019இல் நெதர்லாந்தின் அமோல்ஃப் ஆய்வகத்தில் மோரிட்ஸ் ஃபூட்ஷர், புரூனோ ஏர்லர் குழுவினர், பெரோவ்ஸ்கைட் கலத்தின் மின்தேக்குத்திறன் காலத்தோடு மாறுவது அயனிகள் நகர்வதால் என விளக்கி, அந்த மாற்றத்திலிருந்தே அயனிகளின் அடர்த்தியையும் அவை நகரத் தேவையான ஆற்றலையும் கணக்கிட்டனர். 2020இல் ராய்ஷெர்ட், யானா வைன்சோஃப், கார்ஸ்டன் டைபல் ஆகியோரின் குழு அயனிக் குறைபாடுகளின் வகைகளை இம்முறையாலேயே பிரித்துக் காட்டியது. ஓர் அயனி தாவுவதும், ஒரு பொறி எலக்ட்ரானை விடுவதும், இரண்டுமே வெப்பத்தால் தூண்டப்படுபவை. இரண்டும் ஒரே வடிவில் தேயும் வளைவைத் தரவல்லவை. சிலிக்கனில் ‘பொறியின் ஆழம்’ எனப் படிக்கப்படும் ஆற்றல், இங்கே ‘அயனி தாண்ட வேண்டிய தடையின் உயரம்’ ஆகவும் இருக்கலாம். கருவி மாறவில்லை, அது தரும் எண்ணின் பொருள் மாறிவிட்டது.

எல்லாம் ஒருமுகமாக முடிந்துவிடவும் இல்லை. படிக உருவமற்ற சிலிக்கனுக்காக 1980களில் வகுக்கப்பட்ட, மின்தேக்குத்திறனை வெவ்வேறு வீச்சில் அளந்து பொறிகளை ஆழவாரியாக வரையும் முறையை ஹுவாங் குழு பெரோவ்ஸ்கைட்டில் பயன்படுத்தியது. பொறிகள் உட்பகுதியைவிடப் பரப்பை ஒட்டியே மிகுந்துள்ளன என 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் எழுதினர். ரவிசங்கர், உனோல்ட், கிர்ஹார்ட்ஸ் ஆகியோர் 2021இல் அதே இதழில் மறுப்பு எழுதினர்: அத்தகைய ஆழவரைவு, கலத்தின் பிற அடுக்குகளின் மின்தேக்குத்திறனாலும் தோன்றக்கூடும் என்பது அவர்களது வாதம். அம்மறுப்புடன் ஹுவாங் குழுவின் மறுமொழியும் வெளியாயிற்று. இரு தரப்பும் தத்தம் வளைவுகளை வெளிப்படையாக வைத்து வாதிட்டது, இத்துறையில் மாணவர்கள் தவறாது படிக்க வேண்டிய பகுதி.

மின்முனைகளே சிக்கலுக்குக் காரணம் என்றால், அவை இல்லாமல் அளப்பது ஒரு வழி. ஒரு படலத்தின் மேல் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி திரும்ப உமிழப்படுகிறது என அளந்தால், பொறிகளால் இழக்கப்படுவது எவ்வளவு எனத் தெரியும். உமிழ்வுத் திறன் பத்து மடங்கு குறைந்தால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் இழப்பு. இம்முறை பொறிகளை எண்ணுவதில்லை. அவற்றால் நேரும் இழப்பை அளக்கிறது. 2018இல் பாட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஸ்டோல்டர்ஃபோட் குழு, வெறும் படலத்தையும், அதன் மேலும் கீழும் கடத்தும் அடுக்குகளைச் சேர்த்த பின்னரும் இவ்வாறு அளந்து, பெரும் இழப்பு நேர்வது படலத்தினுள் அன்று, அடுக்குகள் சந்திக்கும் இடைமுகத்தில் என்று காட்டியது. 2020இல் கேம்பிரிட்ஜின் சாமுவேல் ஸ்ட்ராங்க்ஸ் குழுவும் ஒகினாவாவின் கேஷவ் தானி குழுவும் ஒளிமின் உமிழ்வு நுண்ணோக்கியால், பொறிகள் சீராகப் பரவாமல் சில துகள் சந்திப்புகளில் நானோமீட்டர் அளவிலான திரள்களாகக் கூடியிருப்பதைக் கண்டன. சீரான பரவலை எடுகோளாகக் கொண்ட ‘ஒரு கன சென்டிமீட்டருக்கு இவ்வளவு’ என்ற அலகே இங்கு கேள்விக்கு உள்ளாகிறது.

இந்த வரலாற்றில் பந்தயப் பொருளாக இருந்தது ஓர் எண் மட்டும் அன்று. பொறிகள் துகள் எல்லைகளில் இருக்கின்றன என நம்பும் ஆய்வகம் பெரிய துகள்களை வளர்ப்பதில் தன் ஆண்டுகளைச் செலவிடும். இழப்பு இடைமுகத்தில் என அறிந்த ஆய்வகம், கடத்தும் அடுக்கை மாற்றும். அயனி நகர்வே கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது என்று கருதுவோர், பொருளின் வேதியியலையே மாற்ற முனைவர். தவறான இடத்தைச் சுட்டும் அளவீடு, ஒரு முனைவர்ப் பட்டக் காலம் முழுவதையும் தவறான திசையில் நடத்திச் செல்ல வல்லது.

2015இன் அளவீட்டைச் செய்தவர்கள் பிழை செய்தனர் என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் கையில் இருந்தது அறுபது ஆண்டுகள் பழகிய முறை. வளர்த்த படிகமும் மெய்யாகவே சிறந்தது. அம்முறை பிறந்த பொருளுக்கும் புகுந்த பொருளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத் துறை முழுவதும் சேர்ந்தே காணத் தவறியது. பின்னர் அதைத் திருத்தியதும் துறையினுள் இருந்தவர்களே. இன்று பொறி அடர்த்தி என ஓர் எண்ணைக் காணும் மாணவர், அதன் அருகே மாதிரியின் தடிமன், மின்காப்பு மாறிலி, அளந்த வேகம், வெப்பநிலை ஆகியவை தரப்பட்டுள்ளனவா எனப் பார்ப்பது நல்லது. தடிமன் தரப்பட்டிருந்தால், மேலே கண்ட கணக்கை ஒரு தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கட்டுரையின் எண்ணும் தாளின் ஓரத்தில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், அங்கே அளக்கப்பட்டது பொறிகள் அல்ல, தடிமன்.